சான்றிதழில் பருவத்தையும் எழுதுங்கள்

பொலிகிடாக்களைச் சோதித்துச் சான்று தரும் கால்நடை மருத்துவர்களுக்கும், செம்மறி உறைவிந்து நிலையங்களை நடத்துபவர்களுக்கும், இனவிருத்திச் சங்கங்களில் விதிமுறை எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

கிடா விந்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதையே பல வருடம் வேலையாகச் செய்தவன் நான். கிடாவைப் பிடித்துவருபவர் ஒருவர், விந்து எடுப்பவர் ஒருவர், கடைசியில் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். நடுவில் அந்தத் துளியைப் பார்த்து மதிப்பெண் எழுதுகிற ஆளாக இருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த ஒன்றை உங்களிடம் சொல்லியே தீரவேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

கிடாவின் விந்து வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. அளவு மாறுகிறது, விந்தணுக்களின் எண்ணிக்கை மாறுகிறது, அணுக்கள் மிதக்கும் விந்துநீரில் உள்ள நொதிகளின் (என்சைம்களின்) செயல்பாடும் பருவத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. இது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை, எல்லாரும் படித்ததுதான். ஆனாலும் நாம் தருகிற சான்றிதழ், ஒரு நாள் காலையில் பார்த்த துளியை வைத்துக்கொண்டு அந்தக் கிடாவைத் ‘தகுதியானது’ என்றோ ‘தகுதியற்றது’ என்றோ பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறது. எந்தப் பருவத்துக்கு என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அந்த இடத்தை உண்டாக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துளியைப் பற்றிச் சொல்கிறேன். விந்து எடுத்த கையோடு, 37 டிகிரிக்குச் சூடேற்றிய சிலைடில் ஒரு சொட்டு வைப்போம். மூடுதகடு போடமாட்டோம். குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் தனி அணு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, சொட்டு முழுவதும் அலையடிக்கும். பகல் குறைந்துகொண்டே வரும் நாட்களில் எடுத்த விந்து என்றால் மழைமேகம் திரள்கிற மாதிரி இருக்கும். கறுப்பும் வெளுப்புமாகச் சுழி கிளம்பும், ஒரு சுழி அடங்குவதற்குள் பக்கத்தில் இன்னொன்று எழும். இந்த அலைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது வழக்கம். அதே கிடாவை, அதே மேசையில், அதே ஆள் ஆறு மாதம் கழித்துப் பார்க்கட்டும். சொட்டின் நிறமே கொஞ்சம் வெளிறியிருக்கும். பாலாடை மாதிரி இருந்தது இப்போது தண்ணீர் கலந்த பால் மாதிரி இருக்கும். அலை இருக்கும், சுழி இருக்காது. ஓரத்தில் சில இடங்கள் அசையாமல் கிடக்கும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நாலு வயதுக் கிடா ஒன்று இருந்தது. அகன்ற மார்பு, அமைதியான சுபாவம், விந்து எடுக்கிற நேரத்தில் யாரையும் முட்டாது. இலையுதிர் காலத்துப் பதிவேட்டில் அதன் பெயருக்கு நேராக 4, 5, 4 என்று நானே எழுதியிருக்கிறேன். பிறகு இளவேனிலின் நடுவில் ஒரு சோதனை வைத்தார்கள். அலைக்கு 2 வந்தது. விதைப்பையின் சுற்றளவு முன்பு அளந்ததைவிட 3 செ.மீ. குறைவு. படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன, இரண்டாவது கட்டத்தில் குறி விழுந்தது. கிடாவைக் கழித்துவிட்டார்கள். பழைய பதிவேடு அன்றைக்கு என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் நான் காட்டவில்லை. அந்த இடத்தில் யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை, படிவம் கேட்டதற்குப் பதில் எழுதினார்கள், அவ்வளவுதான். படிவம் வேறு கேள்வி கேட்டிருந்தால் பதிலும் வேறாக வந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது, அதில் நஷ்டம் இன்னும் பெரிது. இலையுதிர் காலத்தில் 5 வாங்கிய கிடா, அந்தச் சான்றிதழோடு இளவேனிலில் இன்னொரு மந்தைக்குப் போகிறது. அங்கே பருவம் தப்பிய நேரத்தில் பெட்டைகளை ஹார்மோன் கொடுத்துச் சினைப்பருவத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். கிடா சேர்ந்த 17 நாள் கழித்துப் பெட்டைகள் ஒவ்வொன்றாகச் சினை பிடிக்காமல் மறுபடி சினைப்பருவத்துக்கு வரத் தொடங்கும். பருவம் தப்பியதால் திரும்பவும் சினைப்பருவத்துக்கு வராமலே போகிற பெட்டைகளும் இருக்கும், அப்போது விஷயம் தெரியவே இன்னும் பல வாரம் ஆகும். வளர்ப்பவர் பெட்டைகளைக் குறை சொல்வார், தீவனத்தைக் குறை சொல்வார். கிடா மேல் சந்தேகமே வராது, கையில்தான் சான்றிதழ் இருக்கிறதே.

கிடாவின் உடம்பில் இதெல்லாம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால், கண்ணிலிருந்து. கண்ணில் விழும் வெளிச்சத்தின் செய்தி நரம்பு வழியாக மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பிக்குப் போகிறது. இருட்டியதும் அங்கே ஒரு நொதி வேகம் பிடிக்கிறது. அரைல்அல்கைலமீன் என்-அசிடைல்டிரான்ஸ்ஃபெரேஸ் என்று அதற்கு நீளமான பெயர். செரோடோனினை மெலடோனின் என்ற ஹார்மோனாக மாற்றுகிற வேலையில் முதல் படியை அது செய்கிறது. விடிந்ததும் அடங்கிவிடுகிறது. ஆக, இரவு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் இரத்தத்தில் மெலடோனின் ஓடும். 1958-ல் ஆரன் லெர்னரும் அவருடைய குழுவும் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தார்களே, அதே மெலடோனின். கிடாவின் உடம்பு மாதத்தைத் தெரிந்துகொள்வது இதை வைத்துத்தான்.

அடுத்த கட்டம் மூளையின் அடியில் நடக்கிறது, இங்கேயும் கதாநாயகர்கள் நொதிகளே. பிட்யூட்டரி சுரப்பியின் தண்டை ஒட்டியுள்ள பகுதி மெலடோனின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை உணர்கிறது. இரவு குறுகி மெலடோனின் நேரம் சுருங்கினால், அந்தப் பகுதி தைராய்டு தூண்டு ஹார்மோனைச் சுரக்கிறது. அது பக்கத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதிக்குப் போய் இரண்டாம் வகை டிஅயோடினேஸ் என்ற நொதியைக் கூட்டுகிறது. தைராய்டு ஹார்மோனின் மந்தமான வடிவமான டி4-ஐ வீரியமுள்ள டி3-ஆக மாற்றுவது இந்த நொதி. மூன்றாம் வகை டிஅயோடினேஸ் அந்த வீரியத்தை அழிக்கிறது. பகல் நீளும்போது மூளையின் அந்தச் சின்ன மூலையில் மட்டும் டி3 ஏறுகிறது. செம்மறிக்கு அதன் அர்த்தம், இனவிருத்திக் காலம் முடிந்தது என்பது. 2008-ல் சோவே இனச் செம்மறிகளில் செய்த ஆய்வு இந்தச் சங்கிலியைத் தெளிவாகக் காட்டியது. அதற்கு முன்பே, 1990-களில், தைராய்டு சுரப்பியை அகற்றிய சோவே கிடாக்களில் விரைகள் வருடா வருடம் சுருங்கி விரிவதே நின்றுபோனது பதிவாகியிருக்கிறது.

அதன் பிறகு நடப்பது நீங்கள் தினமும் கையாளும் விஷயம். ஹைப்போதலாமஸிலிருந்து வரும் துடிப்புகள் குறைகின்றன, பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். ஹார்மோன் துடிப்புகள் அரிதாகின்றன. எல்.எச். தூண்டினால்தான் விரையில் கொழுப்பிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் செய்யும் நொதிகள் சரியாக ஓடும். தூண்டல் குறைந்தால் அவையும் மந்தமாகும். டெஸ்டோஸ்டிரோன் இறங்க, விரை சிறுக்கிறது, அணு உற்பத்தி குறைகிறது, பெட்டையைப் பார்த்ததும் பாய்கிற வேகமும் குறைகிறது. எடின்பரோவில் ஜெரால்டு லிங்கன் 1970-களிலிருந்து சோவே கிடாக்களை 16 வாரம் நீண்ட பகலிலும் 16 வாரம் குறும் பகலிலும் மாற்றி மாற்றி வைத்து இந்த ஏற்ற இறக்கத்தை வருடக்கணக்கில் அளந்தார். வெளியே எந்த மாதமாக இருந்தாலும் சரி, கொட்டகைக்குள் விளக்கு சொன்னதைத்தான் விரைகள் கேட்டன.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பெட்டை ஆடு பருவம் முடிந்ததும் முட்டை விடுவதை நிறுத்திவிடும். கிடா அப்படி முழுதாக நிறுத்துவதில்லை. வருடம் முழுக்க விந்து வரும். அதனால்தான் நமக்கு ஏமாற்றம். கதவு அடைத்திருந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், பாதி திறந்த கதவை யாரும் கவனிப்பதில்லை.

சரி, இப்போது விந்துநீருக்கு வருகிறேன். என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது, கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விந்தணு ஒரு விசித்திரமான செல். ஓடுவதற்காகத் தன் சுமை எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டது. உள்ளே சைட்டோபிளாசம் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை, அதனால் தன்னைக் காத்துக்கொள்ளும் நொதிகளும் அதனிடம் சொற்பம். அதே சமயம் கிடா விந்தணுவின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் அதிகம், கொலஸ்ட்ரால் குறைவு. குளிர் பட்டால் அந்தச் சவ்வு சட்டென்று உடைந்துபோகும். இப்படிப்பட்ட செல்லுக்குக் காவல் எல்லாம் வெளியே, அது மிதக்கிற நீரில் இருக்கிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ், குளுட்டாதயோன் ரிடக்டேஸ் ஆகிய நாலும் சேர்ந்து சவ்வை அரிக்கிற ஆக்சிஜன் துணுக்குகளைத் துடைத்தெடுக்கின்றன. இவற்றோடு விந்துப்பைகளிலிருந்து வரும் புரதங்களும் உண்டு. ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழகத்தில், குளிரில் அடிபட்ட கிடா விந்தணுக்களோடு விந்துநீர்ப் புரதங்களைச் சேர்த்தபோது சவ்வின் சேதம் ஓரளவு சரியானதை 2000-ல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவினரே விந்துநீரின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதையும் பின்னர் அளந்தார்கள்.

அணுவுக்குத் தீனியும் அதே நீரில்தான். விந்தில் உள்ள சர்க்கரை ஃபிரக்டோஸ் என்று 1946-ல் தாடியஸ் மான் கண்டறிந்து சொன்னார். அதை உடம்பு எப்படிச் செய்கிறது என்பதை 1956-ல் ஹென்றி-ஜெரி ஹெர்ஸ் காட்டினார், காட்டியதும் செம்மறியின் விந்துப்பைகளில்தான். குளுக்கோஸை ஒரு நொதி சார்பிடாலாக்கும், இன்னொரு நொதி சார்பிடாலை ஃபிரக்டோஸாக்கும். விந்துப்பைகளின் இந்த வேலை டெஸ்டோஸ்டிரோனை நம்பி இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் பகல் நீளத்தை நம்பி இருக்கிறது. இதைக் கோர்த்துப் பார்த்தால், நாம் சிலைடில் காணும் ஒவ்வொரு சுழிக்கும் பின்னால் சில மாதத்து வெளிச்சத்தின் கணக்கு இருப்பது புரியும்.

இன்னொரு வகை நொதிகள் விந்துநீரில் இருக்கவே கூடாதவை, அல்லது கொஞ்சமாகவே இருக்க வேண்டியவை. ஆஸ்பார்டேட் டிரான்ஸ்அமினேஸ், லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் போன்றவை அணுவுக்குள்ளே இருந்து வேலை செய்பவை. சவ்வு கிழிந்தால் வெளியே கசிந்துவிடும். அவை விந்துநீரில் ஏறியிருந்தால், அணுக்கள் அடிபட்டிருக்கின்றன என்று அர்த்தம். அணுவின் தலைத்தொப்பியில் உள்ள ஹையலுரோனிடேஸும் அக்ரோசினும் முட்டையைச் சுற்றியுள்ள உறைகளைக் கடக்க வைத்திருக்கும் கருவிகள். அவை முன்கூட்டியே வெளியேறிவிட்டால் அந்த அணு நன்றாக நீந்தினாலும் பயன் குறைவு. அலைக்கு 4 வாங்கிய விந்து உறைய வைத்து உருக்கியதும் சரிந்து போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலையை மட்டும் பார்த்தால் இது தெரியாது, கசிந்த நொதிகளை அளந்தால் ஓரளவு முன்பே தெரியும்.

இங்கே ஆய்வாளர்களிடம் ஒரு வார்த்தை. விந்துநீர் நொதிகள் எந்த மாதத்தில் உச்சம், எந்த மாதத்தில் தாழ்வு என்று வெளிவந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு இனத்தில் இனவிருத்திக் காலத்தில் ஏறியது இன்னொரு இனத்தில் அப்போது இறங்கியிருக்கிறது. இதில் பாதிக் குழப்பம் அளக்கும் விதத்திலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு மில்லிலிட்டருக்கு இவ்வளவு நொதி என்று எழுதினால் போதாது. கிடா ஒரு தடவைக்கு ஏறக்குறைய 1 மில்லிலிட்டர்தான் தரும், அந்த ஒரு மில்லிலிட்டரில் பல நூறு கோடி அணுக்கள் இருக்கும். அணுக்கள் நெருக்கமாக இருக்கும் பருவத்தில் நீரின் பங்கு குறைவு, அணுக்கள் குறையும் பருவத்தில் நீரின் பங்கு கூடுதல். அப்புறம், சிலைடில் செத்த அணுக்கள் எத்தனை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் செத்தவை கசிய விட்டதையும் நாம் சுரப்பியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஈயோசின் சாயத்தில் இளஞ்சிவப்பாக மாறும் தலைகளை எண்ணுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அணு எண்ணிக்கையும் செத்த அணுக்களின் சதவீதமும் இல்லாத நொதி அளவு ஒன்று வந்தால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காலக் கணக்கு ஒன்றையும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கிடாவின் விரையில் ஒரு விந்தணு உருவாகி முடிய 7 வாரம் ஆகிறது. அதன் பிறகு எபிடிடைமிஸ் என்ற சுருண்ட குழாயில் முதிர்ந்து வெளியே வர 10 முதல் 14 நாள். ஆக, இன்று சிலைடில் பார்க்கும் அணு இரண்டு மாதம் முன்பு தொடங்கியது. இரண்டு மாதம் முன்பு கிடாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் இன்று தெரியும். வெயில் தாக்கியிருந்தாலும் அப்படித்தான். விரைகள் உடம்பைவிட 4 முதல் 6 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். தொடர்ந்து சில நாள் கடும் வெயில் அடித்து அந்த வித்தியாசம் குறைந்தால், பாதிப்பு இரண்டு வாரத்தில் தலைகாட்டி ஏழெட்டு வாரம் வரை நீடிக்கும். அதனால் கிடா சேர்க்கைக்கு முந்தின நாள் சோதனை வைப்பதில் பெரிய பலன் இல்லை. தோல்வி என்று தெரிந்தாலும் செய்வதற்கு எதுவும் இருக்காது. இரண்டு மாதம் முன்பு ஒரு தடவை, சேர்க்கைக்குச் சற்று முன்பு ஒரு தடவை என்று பாருங்கள். இரண்டு அளவுக்கும் நடுவில் உள்ள போக்கு, ஒற்றை அளவைவிட எவ்வளவோ அதிகம் சொல்லும்.

பருவம் என்றதும் எல்லாக் கிடாவுக்கும் ஒரே நாட்காட்டி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போகப் பகல் நீளத்தின் பிடி இறுகுகிறது, கிட்ட வர வரத் தளர்கிறது. வெப்ப மண்டலத்தில் வெயில், மழை, மேய்ச்சல் இவைதான் கிடாவை ஏற்றி இறக்குகின்றன. சோவே கிடா வெளிச்சத்துக்கு அப்படியே அடங்கும். மெரினோ கிடா அந்த அளவுக்கு அடங்காது, தீவனம்தான் அதன் மேல் அதிகம் பேசும். மேற்கு ஆஸ்திரேலியாவில் மெரினோ கிடாக்களுக்கு லூபின் பயறு கூடுதலாகக் கொடுத்துச் சில வாரங்களில் விரை பெருத்ததை அளந்திருக்கிறார்கள். டார்செட் போன்ற இனங்கள் பருவத்தைக் கொஞ்சம் அலட்சியமாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே வேறொரு நாட்டில், வேறொரு இனத்தில் எழுதிய அளவுகோலை அப்படியே பெயர்த்தெடுத்து நம் படிவத்தில் ஒட்டுவது சரியில்லை. 14 மாதத்துக்கு மேல் விதைப்பைச் சுற்றளவு 33 செ.மீ. இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், அந்த 33 எந்த மாதத்து 33 என்று கேளுங்கள்.

இதைப் படிக்கும்போது சிலருக்கு, பருவம் இயற்கை, அதை என்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். செய்ய முடியும், செய்துகொண்டும் இருக்கிறார்கள். 1980-களில் பிரான்சில் இல்-தெ-பிரான்ஸ் இனக் கிடாக்களை ஒரு மாதம் நீண்ட பகல், ஒரு மாதம் குறும் பகல் என்று குறுகிய சுற்றில் வைத்துப் பார்த்தார்கள். விரைகளுக்குச் சுருங்கவே நேரம் கிடைக்கவில்லை, வருடம் முழுக்கப் பருத்தே இருந்தன. செயற்கை முறைக் கருவூட்டலுக்கு விந்து எடுக்கும் நிலையங்களுக்கு அது பெரிய கதவைத் திறந்துவிட்டது. வெறும் குறும் பகலிலேயே நிரந்தரமாக வைத்தால் இது நடக்காது, சில மாதத்தில் உடம்பு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மாற்றம்தான் உடம்புக்குச் செய்தி. மெலடோனினை மெல்ல மெல்ல விடுகிற பதியங்களும் இருக்கின்றன. பெட்டைக்கு 18 மில்லிகிராம் பதியம் ஒன்று, கிடாவுக்கு மூன்று, காதின் தோலுக்கடியில். அதுவும் உடனே வேலை செய்யாது, ஆறேழு வாரமாவது முன்கூட்டிப் போட வேண்டும். இந்த வசதிகளைப் பயன்படுத்தும் நிலையங்கள் அதையும் சான்றிதழில் எழுத வேண்டும். விளக்கின் கீழ் எடுத்த 5 வேறு, வெட்டவெளியில் எடுத்த 5 வேறு. வாங்குபவரின் மந்தையில் விளக்கு இருக்காது.

உறைவிந்து நிலையங்களை நடத்துபவர்களே, உங்களிடம்தான் அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் உறைய வைக்கும்போது விந்தோடு சேர்ந்து ஒரு பருவமும் உறைகிறது. 1949-ல் கிளிசரால் போட்டால் விந்தணு உறைந்தும் பிழைக்கும் என்று பொல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கண்டுபிடித்ததிலிருந்து காலம் நம் கைக்குள் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 1968-ல் ஸ்டீவன் சாலமன் உறைய வைத்த கிடா விந்தை, ஏறக்குறைய 50 வருடம் கழித்து சிட்னி பல்கலைக்கழகத்தில் உருக்கிப் பயன்படுத்தினார்கள். 56 பெட்டைகளுக்குச் செலுத்தியதில் 34 சினை பிடித்தன, 2019-ல் அந்தச் செய்தி வெளியானது. திரவ நைட்ரஜனில், −196 டிகிரியில், அரை நூற்றாண்டு அந்த அணுக்கள் மாறாமல் கிடந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் வேலையே ஓடவில்லை. கூடவே இன்னொன்றும் தோன்றியது. நல்ல பருவத்து விந்து அப்படி ஐம்பது வருடம் காத்திருக்கும் என்றால், மோசமான பருவத்து விந்தும் ஐம்பது வருடம் காத்திருக்கும். எடுத்தவர் ஓய்வு பெற்றிருப்பார், கிடா எப்போதோ போயிருக்கும். விந்தை அடைத்து உறைய வைத்த மெல்லிய குழாய், அதாவது குச்சி, அதன் மேல் எழுதியிருப்பது ஒன்றுதான் மிச்சம்.

கிடா விந்து உறைவதில் ஏற்கெனவே பலவீனமானது என்பது உங்களுக்குத் தெரியும். உருக்கிய விந்தைக் கருப்பை வாய் வழியாகச் செலுத்தினால் பெட்டையின் கோணல்மாணலான கருப்பை வாயைத் தாண்டிப் போகும் அணுக்கள் மிகக் குறைவு, அதனால்தான் வயிற்றில் சிறு துளை வழியாக உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப் வைத்து நேரே கருப்பைக்குள் விட வேண்டியிருக்கிறது. அப்படியிருக்கும்போது காவல் நொதிகள் குன்றியிருக்கும் நாட்களில் எடுத்ததை, கரைப்பானை ஊற்றி விந்துநீரை மேலும் நீர்க்கச் செய்து உறைய வைத்தால், இருந்த கொஞ்சக் காவலையும் நாமே கழுவிவிட்ட மாதிரி ஆகிறது. பருவத்து விந்துநீரைத் தனியே பிரித்துச் சேமித்து, பருவமல்லாத நாளில் எடுத்த அணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. அது நடைமுறைக்கு வரும் வரை, எந்த மாதம் எடுத்தது என்பதையாவது மறைக்காமல் இருப்போம்.

மாதத்தின் பெயர் மட்டும் எழுதினாலும் போதாது. ஜூன் மாதம் வடகோளத்தில் நீண்ட பகல், தென்கோளத்தில் குறும் பகல். உறைவிந்து கடல் தாண்டிப் போகிற பொருள். ‘ஜூன்’ என்று எழுதிய குச்சியைக் கையில் வாங்குபவர் தன் ஊர் ஜூனை நினைத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும். எடுத்த இடத்தின் அட்சரேகையையும் சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் இருக்காது.

சங்கங்களில் விதி எழுதுபவர்களுக்கு: இரண்டே கட்டம் உள்ள படிவத்தை மாற்றுங்கள். மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும், ‘பருவத்தில் மறுபடி பார்க்கவும்’ என்று. பகல் நீளும் நாட்களில் தோற்ற கிடாவை அந்த ஒரு சோதனையை வைத்துக் கழிக்கக் கூடாது என்று எழுதுங்கள். கையால் தடவிப் பார்த்தால் கட்டி தெரிகிற கிடா, எபிடிடைமிஸ் வீங்கின கிடா, புருசெல்லா ஓவிஸ் கிருமிச் சோதனையில் மாட்டுகிற கிடா, இவை வேறு விஷயம். அவற்றுக்குப் பருவத்தைச் சாக்குச் சொல்லக் கூடாது, மந்தைக்கே ஆபத்து. நான் கேட்பது ஆரோக்கியமான கிடாக்களுக்கு. விரை சிறுத்திருக்கிறது, மென்மையாக இருக்கிறது, ஆனால் வலியில்லை, வீக்கமில்லை, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது என்றால் அந்தக் கிடாவுக்கு இன்னொரு வாய்ப்புத் தரலாம். ஒரு கிடாவின் பின்னால் பல தலைமுறைத் தேர்வு நிற்கிறது. அவசரப்பட்டுக் கழித்த மரபு திரும்பி வராது.

மருத்துவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். நொதிச் சோதனை எல்லாக் கிடாவுக்கும் வேண்டும் என்று சொல்லமாட்டேன். மந்தையில் நேரே பெட்டைகளோடு விடுகிற கிடாவுக்குக் கையும் அளவுநாடாவும் மைக்ராஸ்கோப்பும் போதும், பருவம் அறிந்து பயன்படுத்தினால். உறைய வைப்பதற்காக எடுக்கும் விந்துக்கு மட்டுமாவது கசிவு நொதி ஒன்றையும் காவல் நொதி ஒன்றையும் அளந்து, உருக்கிய பிறகு கிடைத்த முடிவோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். இரண்டு வருடம் எழுதினால் உங்கள் இனத்துக்கும் உங்கள் அட்சரேகைக்கும் உரிய அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கும். யாருடைய அட்டவணையையும் கடன் வாங்க வேண்டியிருக்காது.

நான் இப்போது அந்த மேசையில் இல்லை. பதிவேடுகளின் நகல் சில என்னிடம் உண்டு. அந்த நாலு வயதுக் கிடாவின் பக்கத்தை எடுத்துப் பார்த்தால், கடைசி வரியில் தேதி என் கையெழுத்தில்தான் இருக்கிறது. படிவம் கேட்டதால் தேதி எழுதினேன். முன் பக்கத்தில் உள்ள தேதிகளோடு அதை வைத்துப் பார்க்கச் சொல்லிப் படிவம் கேட்கவில்லை. அடுத்த தடவை படிவம் அச்சுக்குப் போகும்போது காது எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: எடுத்த தேதி, இடத்தின் அட்சரேகை, அன்றைய பகல் எத்தனை மணி நேரம், பகல் வளர்கிறதா தேய்கிறதா. அதற்கு அடுத்த வரியில், இதே கிடாவின் முந்தைய சோதனை எப்போது, என்ன வந்தது. இந்த இரண்டு வரியும் இருந்திருந்தால் அன்றைக்கு இழுப்பறையைத் திறந்திருப்பேன்.

இப்படிக்கு,
கிடா விந்து ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒருவன்